குறட்டை விட்ட உப்பு பேட்டரி

மே 17

அக்காவின் கட்டிலை அளந்தேன். நான் காலை நீட்டிப் படுத்தாலும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழே, ஜன்னலுக்கு நேர் எதிரே. அவள் ஸ்ரீபெரும்புதூர் போனதும் இது டெல்சி ராஜ்யம். தலைமாட்டில் சாக்கட்டியால் என் பெயரை எழுதி வைத்தேன்.

ஜெசிந்தா அக்கா வந்து பார்த்தாள்.

"அளவெல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. நீ எப்ப கெளம்புத?"

"மாதா திருவிழா முடியட்டும் ட்டி. போவேனா இருப்பேனான்னு அப்பதான் தெரியும்."

விஷயம் இதுதான். எங்கள் அப்பா தொம்மை, சிப்பித்துறையில் மைக் செட் கடை வைத்திருக்கிறார். இந்த ஊரில் யார் பிறந்தாலும், யாருக்குக் கல்யாணம் ஆனாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் ஊருக்குச் சொல்லும். இப்போது அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஏணியில் ஏற முடியவில்லை. கடையைத் தம்பியிடமே விட்டுவிடலாம் என்று இருக்கிறார். தம்பி என்றால் கஸ்பார் சித்தப்பா. வீடு வீடாக இன்வெர்ட்டர் பேட்டரி மாட்டுகிறவர். ஊரின் ஒரே பெரிய ஜெனரேட்டருக்குச் சொந்தக்காரர். நான் வைத்த பெயர் கஷ்டப்பார் சித்தப்பா.

அக்கா எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பேட்டரி கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தவள். "கடைய நான் பாக்கேன்பா" என்கிறாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரியில் அவளுக்கு வேலை தயாராக இருக்கிறது.

இதற்கு நடுவே எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒன்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் மாதாவைத் தூக்கி வருகிற சப்பரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. போன வருஷம் அந்தப் புகையில் பாடகர் குழுவில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

"பேட்டரியில ஓட்டலாம்" என்றாள் அக்கா.

அப்பா யோசித்துச் சொன்னார். "சப்பரம் ஊரச் சுத்தி கோயில் வாசலுக்குத் திரும்புற வரைக்கும் லைட்டு அணையக் கூடாது, மைக்கு கம்மக் கூடாது. கஸ்பார் ஜெனரேட்டரு டெம்போல தள்ளி வரும். அத ஸ்டார்ட் பண்ண வேண்டிய தேவ வரலன்னா கடச் சாவி ஒனக்கு. வந்துச்சுன்னா அடுத்த நாளே பஸ் ஏறிரு."

எனக்கு எதுவானாலும் சரி. எனக்கு வேண்டியது கட்டில்.

மே 19

பேட்டரி லாரியில் வந்தது. சோடியம் அயான் பேட்டரி. அக்கா தன் அப்ரண்டிஸ் சம்பளத்தைச் சேர்த்து வாங்கியது. அம்மா அவளுக்குச் சோடி தேடிக்கொண்டிருக்கும்போது இவள் சோடியத்தைத் தேடிக்கொண்டாள் என்றேன். அம்மா கரண்டியோடு துரத்தினாள்.

பெட்டி பெரிதாக இருக்கிறது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற மூடியைத் தேடியிருக்கிறார்.

"தண்ணி எங்கனட்டி ஊத்தணும்?"

"ஊத்தவே வேண்டாம்பா. மூடி வச்ச பெட்டி."

"அப்ப உள்ள என்னதான் இருக்கு?"

"உப்புல இருக்குற சோடியந்தான். சார்ஜ் ஏறும்போது இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போவும். எறங்கும்போது திரும்பி வரும். நம்ம வெயிலத் தாங்கும், லேசுல தீப்பிடிக்காது. கூட்டத்துக்கு நடுவுல போற சப்பரத்துக்கு அதான் முக்கியம்."

சுற்றிலும் உப்பளம் உள்ள ஊர். "நம்ம உப்பா?" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை.

அக்கா சாப்பிடப் போனதும் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டினேன்: 'உப்பு குறைந்தால் சேர்க்கவும்.'

மே 20

கோயிலில் ஜெபம் நடத்துகிற எங்கள் உபதேசியார் நல்ல மனிதர். கோயில் வேலையாக வந்தவர் காகிதத்தைப் படித்திருக்கிறார். வீட்டுக்குப் போய் ஒரு பொட்டலம் கல் உப்பு கொண்டுவந்து பெட்டியின்மேல் பயபக்தியாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு சிரிப்பு முடிந்தது.

அக்கா உப்பைத் தட்டிவிட்டு மீட்டரை வைத்தாள். பூஜ்யம். வயரை மாற்றி வைத்தாள். மறுபடியும் பூஜ்யம். சார்ஜரை மாட்டினாள். சார்ஜர் அப்படி ஒரு பேட்டரியே இல்லை என்பதுபோலச் சும்மா இருந்தது.

கஸ்பார் சித்தப்பா வந்தார். உப்பைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்ப அள்ளிப் போட்டு ஷார்ட் ஆக்கிட்டா. செத்துட்டு. பூஜ்யத்துக்குப் போன பேட்டரி பொழச்சதா சரித்திரமே கெடையாது."

"மூடின பெட்டிக்குள்ள உப்பு எப்படிப் போவும் சித்தப்பா?" என்றேன்.

"பேசாத மூதி. அக்கா வாழ்க்கையில விளையாடிட்டு நிக்கா."

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காகிதத்தை மட்டும் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அம்மா அழுதாள். அக்கா துணியை நனைத்துப் பெட்டியைத் துடைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டை நான் சாப்பிடவில்லை. மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று காரணம் சொன்னேன்.

மே 21

அக்கா கோயம்புத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான்தான் கெஞ்சினேன்.

"பூஜ்யம் காட்டுதுங்களா? காலி பண்ணித்தானுங்க லாரில ஏத்துவோம். வழியில அதான் பத்திரம். லித்தியத்த இப்படிப் பண்ணினா கெட்டுப் போயிருமுங்க. இதுக்கு ஒண்ணும் ஆகாது. மொதல்ல கொஞ்சமா கரண்ட் குடுத்து மெதுவா எழுப்புங்க."

அக்கா போனை வைத்துவிட்டுத் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். அவள் அங்கே செய்ததெல்லாம் லித்தியம் பிரிவில்தான். அதனால் பூஜ்யம் என்றதும் அவளும் பயந்துவிட்டாள்.

"அப்ப நான் கொல்லல?"

"நீ கொல்லல. ஆனா ஊரே நம்பிருச்சு. அதுக்கு நீதான் பொறுப்பு. உக்காரு, மீட்டரப் பாரு. இது ஏறுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

அப்பாவின் பழைய பவர் சப்ளையை மாட்டினோம். கரண்ட் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. பக்கத்து வீட்டு ரெனிட்டா கடலுக்குக் குளிக்கக் கூப்பிட்டாள். தண்டனையில் இருக்கிறேன், வர முடியாது என்றேன். அக்கா இரண்டு தரம் "போதும், போயி வெளையாடு" என்றாள். தண்டனையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

மீட்டர் அசைந்தபோது அதை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தவர்களும் இப்படித்தான் செத்தது என்றார்கள். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து கிளம்புவதற்கு ஒரு திறமை வேண்டும்.

மே 22

கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. சார்ஜும் ஏறியது. சித்தப்பாவுக்கு மட்டும் எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மே 25

ஒத்திகை. கோயில் முற்றத்தில் எல்லா லைட்டையும் மாட்டினோம். பேட்டரியிலிருந்து அப்பாவின் இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரிலிருந்து லைட், ஆம்ப்ளிஃபயர். வருஷா வருஷம் சுற்றுகிற நேரத்துக்கு எரிய வேண்டும். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்ததில் அதற்குமேலும் வரும்.

ஜெபமாலை தொடங்கியது. அதில் உள்ள ஐந்து தேவ இரகசியங்களில் மூன்றாவது முடியும் முன்பே இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி அணைந்தது. முற்றம் இருட்டானது. மைக்கில் உபதேசியார் குரல் 'அருள் நிறைந்த' என்பதோடு நின்றது.

"பாதியில படுத்துட்டு" என்றார் சித்தப்பா. சந்தோஷமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கோபம் வந்தது. உண்மையிலேயே இரக்கப்பட்டுச் சொன்னார். "கோயம்புத்தூர்க்காரன் ஏமாத்திட்டாம்மா. நம்ம ஈய பேட்டரி நாலு வாங்கியிருந்தாலும் போயிருக்கும்."

அப்பா மீட்டரைப் பார்த்தார். "பத்தரைக்கு வந்துட்டு. பத்தரைன்னா காலி" என்றார். முப்பது வருஷமாக அவருக்குப் பத்தரை வோல்ட் என்றால் காலி. யாரும் அவரிடம் வேறு மாதிரி சொன்னதில்லை.

அக்கா வயர்களைச் சுருட்டினாள். சுருட்டியதையே மறுபடியும் அவிழ்த்துச் சுருட்டினாள்.

மே 26

அக்கா பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள். நான் அதன் ஜிப்பை மட்டும் கொஞ்சம் சரிபார்த்தேன். இப்போது அது திறக்கவும் மாட்டேன் என்கிறது, மூடவும் மாட்டேன் என்கிறது. பழைய பை, என்ன செய்வது.

மே 27

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. கஸ்பார் சித்தப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் கட்டில் போட்டுப் படுப்பார். அவர் குறட்டையைப் போனில் பதிவு செய்து வைத்து வெகுநாளாகிறது. அதை ஊருக்கு அர்ப்பணிக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். 'செத்துட்டு' என்று சொன்னவருக்கு ஒரு கைம்மாறு செய்யாமல் விடலாமா?

கரண்ட் இல்லை என்பது மட்டும்தான் தடை. கடைக்குள் போனேன். அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் பேட்டரி மாட்டுவதற்குச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனை உண்டு. அந்தக் காலத்தில் ஆட்டோவில் விளம்பரத்துக்குப் போகும்போது அப்படித்தான் மாட்டுவார்கள். எங்கள் கடையில் சார்ஜோடு வேறு பேட்டரி எதுவும் இல்லை. மூலையில் செத்துப் போனது ஒன்று கிடந்தது. ஒத்திகைக்குப் பிறகு யாரும் அதற்குச் சார்ஜ் போடவில்லை. ஒரு குறட்டைக்காவது தாங்காதா என்று அதில் மாட்டினேன்.

மாடியில் இருந்த குழாய் ஸ்பீக்கர் குறட்டை விட்டது.

அப்படி ஒரு குறட்டையைச் சிப்பித்துறை கேட்டதில்லை. முதலில் நாய்கள் எழுந்தன. பிறகு வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். பிறகு தன் குறட்டைச் சத்தத்தில் சித்தப்பாவே எழுந்தார்.

"ஏட்டி டெல்சி. நிப்பாட்டு. மானம் போவுது."

நான் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். "தானா நின்னுரும் சித்தப்பா. செத்த பேட்டரிதானே."

நிற்கவில்லை. சித்தப்பா கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து உட்கார்ந்தார். கூட்டம் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் ரெனிட்டாவின் அம்மா, "எங்க வீட்டுல இதவிட நல்லா விடுவாங்க" என்றாள். குறட்டை போய்க்கொண்டே இருந்தது. எனக்கே அலுத்துவிட்டது.

அப்போது ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. சிரிக்கவில்லை. "கரண்ட்டு எங்க இருந்துட்டி எடுத்த?"

நான் மூலையைக் காட்டினேன்.

"கதவத் தொற."

திறந்தேன். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய் மீட்டரை வைத்தாள். அப்பா சொன்ன காலிக்கும் கீழே இருந்தது. ஆம்ப்ளிஃபயர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நின்னது பேட்டரி இல்ல. இன்வெர்ட்டரு. அது ஈய பேட்டரிக்குன்னு செஞ்சது. பத்தரைக்கு வந்தா காலின்னு அதுவே முடிவு பண்ணி அணஞ்சிரும். அப்பா மாதிரியே. சோடியம் மெல்ல மெல்ல எறங்கும் ட்டி. பத்தரைக்குக் கீழயும் இதுல இன்னும் கெடக்கு."

"சார்ஜரு?"

சும்மாதான் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆமா. சார்ஜரும் ஈயத்துக்குள்ளதுதான். மேலயும் முழுசா ஏத்தியிருக்காது."

பிறகு என் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு விட்டுவிட்டு அந்தக் காதையே தடவினாள். வலித்தது என்பதால் என் கண்ணில் தண்ணீர் வந்தது.

மே 28

அக்கா தூத்துக்குடி போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்தாள். உள்ளே எட்டு வோல்ட் போனாலும் பதினைந்து போனாலும் வெளியே பன்னிரண்டுதான் வரும். இன்வெர்ட்டருக்கு ஓய்வு. நான் அதற்கு வைத்த பெயர் இன்-வருத்தர்.

சப்பரத்து லைட் எல்லாவற்றையும் அறுத்து, இந்தப் பன்னிரண்டு வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. பட்டைகளாக மாற்ற வேண்டும். நான் வயர் சீவினேன், அக்கா ஈயத்தால் பற்ற வைத்தாள். எனக்கு இரண்டு விரல் பொத்துப்போனது. சோடியத்துக்கென்றே உள்ள சார்ஜரைக் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "அவ்வளவையும் அறுத்துட்டியளே, திரும்ப ஒட்ட முடியுமா?"

"ஒட்ட மாட்டேன்பா" என்றாள் அக்கா.

மே 30

சித்தப்பாவின் ஜெனரேட்டருக்குக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஹேண்டில் ஒன்று உண்டு. அதைக் காணோம் என்று தேடுகிறார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதைத் தேதியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 1

நேற்று எழுத முடியவில்லை. தொண்டையும் இல்லை, காலும் இல்லை.

மாலை ஆராதனை முடிந்து சப்பரம் கிளம்பியது. அக்கா சுவிட்சைப் போட்டதும் மாதா முகத்தில் வெளிச்சம் விழுந்தது. எல்லோரும் ஒரு நொடி எதற்கோ காத்திருந்தார்கள். பிறகுதான் புரிந்தது, வருஷா வருஷம் கேட்கிற டப டப சத்தத்துக்குத்தான் காத்திருந்தார்கள். அது வரவில்லை. பாட்டுக் கேட்டது. கூட்டத்துக்குப் பின்னால் கடல் கேட்டது.

பேட்டரி தள்ளுவண்டியில், சப்பரத்துக்குப் பின்னால். அக்கா ஒரு பக்கம், அப்பா நொண்டிக்கொண்டு ஒரு பக்கம். நான் பூக்கூடையோடு நடுவில். கொஞ்ச தூரம் தள்ளி டெம்போவில் ஜெனரேட்டர். சித்தப்பா இறங்கி வந்து வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

வடக்குத் தெரு தாண்டும்போது, "பன்னெண்டு" என்றார். வலைக்கூடத்தில், "பதினொண்ணு." ஒத்திகையில் அணைந்த பத்தரை வந்தபோது நாங்கள் மூன்று பேருமே மீட்டரின்மேல் குனிந்தோம். பத்தரை தாண்டியது. லைட் அப்படியே இருந்தது.

ஆனால் அதற்குள் பேச்சுப் பரவிவிட்டது. ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் உண்டு, எல்லாரும் பாதி எலக்ட்ரீஷியன். "பத்துக்கு வந்துட்டாம்." "பத்துன்னா முடிஞ்சிது." சப்பரம் தூக்கியவர்கள்கூட நடையைக் கூட்டினார்கள். ஐஸ் ஃபேக்டரித் திருப்பத்தில் சித்தப்பா, "ஒம்போது" என்றார். அதைச் சொல்லவே அவருக்குப் பயமாக இருந்தது. "அண்ணே, மாதா இருட்டுல நின்னா ஊரு மன்னிக்காது. ஸ்டார்ட் பண்ணிருவோம். ஹேண்டில்தான் காணல, கயிறு கட்டியாவது இழுக்கேன்."

அப்பா வண்டியை நிறுத்தினார். மீட்டரைப் பார்த்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. "ஜெசி, போதும்மா. இவ்வளவு தூரம் வந்ததே பெருசு."

அக்கா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"குடு."

"என்ன குடு?"

"டெல்சி. குடு."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பூக்கூடையின் அடியில் சாமந்திக்குக் கீழே அந்த இரும்பு எப்படி வந்தது என்றும் தெரியாது. காலையிலிருந்து அந்தக் கூடை கனத்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியும். எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா அந்த ஹேண்டிலை அப்பாவின் கையில் வைத்தாள்.

"ஒளிச்சி வச்சி ஜெயிச்சேன்னு இருக்க வேண்டாம்பா. ஒம்போதுல நிக்கு. எட்டு வரைக்கும் போவும். நான் கணக்குப் போட்டிருக்கேன். ஒங்களுக்கு நம்பிக்க இல்லன்னா போயி சுத்துங்க. நான் நாளைக்குப் பஸ் ஏறிருதேன்."

சப்பரம் எங்களைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போனது. வயர் இழுபட்டது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே திரும்பிப் பார்த்தேன். அப்பா கையில் ஹேண்டிலோடு நின்றார். சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா மீட்டரைப் பார்க்கவில்லை. சப்பரத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் லைட் கட்டிய மனிதர், ஒரு பல்பு மங்கினாலும் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்பார். மேலிருந்து கீழே வரை ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தார்.

பிறகு ஹேண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

"கஸ்பாரு, டெம்போவ வீட்டுக்கு வுடு. டீசல் நாத்தம் இங்க வரைக்கும் வருது."

அதற்குப் பிறகு யாரும் வோல்ட் சொல்லவில்லை. தெற்குத் தெருவில் பாடகர் குழுவோடு நானும் கத்திப் பாடினேன். கோயில் வாசலில் சப்பரத்தை இறக்கினார்கள். சாமியார் ஆசீர் கொடுத்தார். உபதேசியார் மைக்கில், "அருள் நிறைந்த" என்று தொடங்கி, இந்தத் தடவை முடித்தார்.

அக்கா சுவிட்சை அணைத்தாள். அவள் அணைத்துத்தான் அணைந்தது.

ஜூன் 2

அப்பா கடைச் சாவியைக் கொடுக்கிற முறை இது: டீ குடித்தார், சாவியை அக்காவின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார், "காலையில வெள்ளனத் தொறக்கணும்" என்றார், எழுந்து போனார்.

சித்தப்பா மத்தியானம் வந்தார். எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் இனிப் படுப்பதில்லையாம். போகிற போக்கில் அக்காவிடம் மெதுவாக, "வீட்டு இன்வெர்ட்டருக்கு ஆவுற மாதிரி சின்னதா கெடைக்குமாம்மா?" என்று கேட்டார். "கெடைக்கும் சித்தப்பா" என்றாள். "உப்பு தனியா வாங்கணும்" என்றேன். இரண்டு பேரும் என்னைத் துரத்தினார்கள்.

ஹேண்டிலை அப்பா கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். யாரும் தொடக் கூடாதாம். நான் தொடவில்லை. அதற்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, 'காணாமல் போனால் பூக்கூடையில் தேடவும்' என்று. எழுத்து அப்பாவுடையது.

கட்டில் போயிற்று. ஃபேன் காற்று மறுபடியும் அவளுக்குத்தான். இந்த மே மாதம் முழுக்க நான் பட்ட பாட்டுக்கு எனக்குக் கிடைத்தது பொத்த விரல் இரண்டு. சாக்கட்டியால் எழுதிய என் பெயரை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது அக்கா கட்டிலில் படுத்திருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு.

"ஏன் அழிக்க? கெடந்துட்டுப் போவுது."

"தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் பக்கத்தில் கையை நீட்டிப் படுக்க ஒரு சாண் குறைந்தது. சமாளித்துக்கொண்டேன்.